பொது வாசலால் நுழைவோம்: திருநர், பால்புதுமை இளையோருக்கான இலவசத் தொழிற்பயிற்சி

இப்பாடம் இரு சாராருக்காக எழுதப்பட்டுள்ளது. முதலாமவர், தமது பால்நிலை அடையாளம் காரணமாக வீட்டிலோ பாடசாலையிலோ இடர்ப்பட்டு, படிப்பை இடைநடுவில் நிறுத்திவிட்டு, இனி எங்கிருந்து தொடங்குவது என்று அறியாது நிற்கும் இளையவர். இரண்டாமவர், அவருடைய தாய், தந்தை, பெரியம்மா, மாமா போன்ற உறவினர். பிள்ளை சொன்னதைக் கேட்டுத் திகைத்திருப்பவர். ஆயினும் அப்பிள்ளை ஒரு தொழிலைக் கற்றுத் தன் காலில் நிற்க வேண்டும் என்று விரும்புபவர்.

விக்டோரியா மாநிலத்தில் இலவசத் தொழிற்பயிற்சி பெறுவதற்கான வழிமுறைகளை இங்கே படிப்படியாகக் காண்போம். திருநர் இளையோருக்கென்று தனியான பயிற்சிக்கூடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. அரச தொழிற்கல்வி நிறுவனங்களின் வாசல் அனைவருக்கும் பொதுவானது. அதனூடாக நுழையும் உரிமை இவ்விளையோருக்கும் உண்டு. ஆனால், வாசல் திறந்திருக்கும் போதிலும், அங்கு செல்லும் வழியில் மூன்று தடைகள் குறுக்கிடுகின்றன. விசா நிலை, ஆவணங்களில் உள்ள பெயர், இரவில் தங்குவதற்கு ஓரிடம் ஆகியனவே அவை. இம்மூன்றையும் கடக்கும் முறையே இப்பாடத்தின் மையப் பொருள்.

1. சொற்களை அறிவோம்

பிறப்பின்போது பதிவு செய்யப்பட்ட பாலினமும், தாம் உள்ளத்தால் உணரும் பால்நிலையும் வேறுபடுவோரைத் 'திருநர்' என்கிறோம். ஆண் எனப் பதியப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. பெண் எனப் பதியப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. ஆண், பெண் என்ற இரண்டினுள்ளும் தம்மை அடக்கிக்கொள்ளாதவர்களும் உள்ளனர். தம் பாலினத்தைச் சேர்ந்தோர் மீது ஈர்ப்புக் கொள்பவர் தன்பாலீர்ப்பாளர். இவர்கள் அனைவரையும் சேர்த்துக் குறிக்கப் 'பால்புதுமையினர்' என்ற சொல் வழங்கிவருகிறது.

இவை அண்மைக் காலத்தில் வழக்குக்கு வந்த மதிப்புச் சொற்கள். தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு திருநங்கையருக்கான நல வாரியம் அமைக்கப்பட்டது. அதன்பின் 'திருநங்கை' என்ற சொல் அரச ஆவணங்களிலும் செய்தி ஏடுகளிலும் நிலைபெற்றது. இழிவாகப் பேசப் பயன்பட்ட பழைய சொற்கள் பல இன்றும் சில வீடுகளில் ஒலிக்கின்றன. அவற்றைக் கைவிடுவதே இப்பாடத்தின் முதற்படி.

தமிழ்மொழி இவ்விடயத்தில் நமக்கு ஓர் எளிமையைத் தந்திருக்கிறது. 'அவர்' என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது; மதிப்பையும் தருவது. 'பிள்ளை' என்ற சொல்லும் மகனுக்கும் மகளுக்கும் ஒருங்கே பொருந்துவது. எவ்வாறு அழைப்பது என்று தடுமாறும் பெற்றோர், 'பிள்ளை' என்று அழைத்துத் தொடங்கலாம். பின்னர், தாம் எவ்வாறு அழைக்கப்பட விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்டறியலாம்.

2. தொழிற்பயிற்சி ஏன் முதன்மையானது?

லா ட்ரோப் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அவுஸ்திரேலியா முழுவதிலுமிருந்து 14 முதல் 21 வயது வரையான பால்புதுமை இளையோர் 6,418 பேர் பங்கேற்றனர். அவர்களுள் ஏறத்தாழ நால்வருள் ஒருவர், தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் நிலையான தங்குமிடமின்றி இருந்ததாகக் கூறியுள்ளார்.

இந்நிலை உருவாகும் விதத்தை எண்ணிப் பார்ப்போம். பாடசாலையில் கேலி தொடர்கிறது, வரவு குறைகிறது, 12ஆம் வகுப்பு முடிவதற்கு முன்பே படிப்பு நின்றுவிடுகிறது. வீட்டில் உண்மையைச் சொன்னபின் வாக்குவாதம் முற்றுகிறது. அவர் நண்பர் வீட்டு இருக்கையில் சில நாட்களும், வேறொரு வீட்டில் சில நாட்களுமாகக் காலத்தைக் கழிக்கிறார். கையில் தகைமைச் சான்றிதழ் இல்லை. கிடைக்கும் வேலை கைக்காசுக்குச் செய்யும் ஒழுங்கற்ற வேலையாகவே இருக்கிறது. அங்கே சம்பளம் குறைந்தாலும், அவமதிப்பு நேர்ந்தாலும், முறையிட அவர் அஞ்சுகிறார்.

அங்கீகரிக்கப்பட்ட ஒரு தொழிற்சான்றிதழ் இச்சங்கிலியை ஓரிடத்தில் அறுக்கிறது. அச்சான்றிதழ் அவுஸ்திரேலியாவின் எந்த மாநிலத்திலும் செல்லுபடியாகும். அவமதிக்கும் தொழில் வழங்குநரை விட்டு விலகி வேறிடம் தேடும் துணிவை அது தரும். தனக்கென வாடகை செலுத்தும் வருமானம் உள்ளவர், ஆபத்தான வீட்டுக்குத் திரும்பிச் செல்ல வேண்டிய கட்டாயமும் இல்லாதவராகிறார்.

3. எது இலவசம், எது இலவசமன்று?

விக்டோரியா அரசு 2019 ஜனவரி முதல் 'ஃப்ரீ டேஃப்' என்ற திட்டத்தை நடத்தி வருகிறது. 'டேஃப்' என்பது அரசுக்குச் சொந்தமான தொழிற்கல்வி நிறுவனத்தைக் குறிக்கும். மெல்பேர்ணின் தென்கிழக்கில் சிஸம், கிழக்கில் ஹோம்ஸ்கிளென், பொக்ஸ் ஹில், வடக்கில் கங்கன், மெல்பேர்ண் பொலிடெக்னிக் ஆகியவை நம்மவர் பெரிதும் நாடும் நிறுவனங்கள்.

முதியோர் மற்றும் மாற்றுத்திறனாளர் பராமரிப்பு, மழலையர் கல்வி, தாதியர் டிப்ளோமா, உளநலப் பணி, சமூக சேவை, சமையற்கலை, கணக்கியல், இணையப் பாதுகாப்பு, மின்தொழில் முன்பயிற்சி எனப் பல துறைகள் இத்திட்டத்தில் அடங்கும். பட்டியல் காலத்துக்குக் காலம் மாறக்கூடும். ஆகவே சேருவதற்கு முன், தெரிவு செய்த கற்கை இவ்வாண்டும் பட்டியலில் உள்ளதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இத்திட்டத்தில் கற்பித்தற் கட்டணம் மட்டுமே இலவசம். சீருடை, பாதுகாப்புக் காலணி, கருவிகள், பாடநூல், மாணவர் சேவைக் கட்டணம் ஆகியவற்றுக்குச் செலவு ஏற்படலாம். சமையற்கலை பயில்வோருக்குக் கத்தித் தொகுதியும் மின்தொழில் பயில்வோருக்குக் கருவிப்பெட்டியும் தேவைப்படும். சேர்வதற்கு முன்பே மொத்தச் செலவை எழுத்தில் கேளுங்கள். தவணை முறையில் செலுத்த இயலுமா, உதவித்தொகை உண்டா என்றும் வினவுங்கள். இவற்றைக் கேட்பதில் கூச்சப்பட எதுவுமில்லை. அங்கு பணிபுரிவோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்விகளே இவை.

பொதுவாக ஒருவருக்கு இச்சலுகை ஒரு கற்கைக்கோ, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் கற்கை வரிசைக்கோ மட்டுமே கிடைக்கும். அவசரப்பட்டுச் சேர்ந்து, சில வாரங்களில் விலகினால், பின்னர் விரும்பிய கற்கைக்கு இலவச இடம் கிடைக்காமற் போகலாம். இதைத் தவிர்ப்பதற்கு 'ஸ்கில்ஸ் அண்ட் ஜொப்ஸ் சென்டர்' எனப்படும் நிலையங்கள் டேஃப் நிறுவனங்களில் இயங்குகின்றன. அங்கே தொழில் ஆலோசகர் ஒருவருடன் இலவசமாகப் பேசலாம். சேர்ந்த பின்னரே ஆலோசனை பெற வேண்டும் என்ற விதி இல்லை. சேர்வதற்கு முன்பும் செல்லலாம்.

சில கற்கைகளில் பணியிடப் பயிற்சி கட்டாயம். பராமரிப்புத் துறையின் மூன்றாம் நிலைச் சான்றிதழுக்குக் குறைந்தது 120 மணித்தியாலமும், மழலையர் கல்வியின் மூன்றாம் நிலைச் சான்றிதழுக்கு 160 மணித்தியாலமும் உண்மையான பணியிடத்தில் செலவிட வேண்டும். அக்காலத்தில் பகுதிநேர வேலையைக் குறைக்க நேரிடலாம். இதையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

பாடசாலையை விட்டு நெடுங்காலம் ஆகியிருந்தால், நேரே சான்றிதழ்க் கற்கையில் சேர்வது மலைப்பைத் தரலாம். அத்தகையோருக்கு அயலக இல்லங்களிலும் 'லேர்ன் லோக்கல்' நிலையங்களிலும் குறைந்த கட்டணத்தில் குறுங்கற்கைகள் நடைபெறுகின்றன. கணினி, வாசிப்பு, எழுத்து, அடிப்படைக் கணிதம் ஆகியவை சிறு குழுக்களாகக் கற்பிக்கப்படுகின்றன. இன்னும் பாடசாலையில் இருப்போர், 2023 முதல் நடைமுறையிலுள்ள உயர்தரச் சான்றிதழின் தொழிற்கல்விப் பிரிவைத் தெரிவு செய்து, பாடசாலையை விட்டு விலகாமலேயே தொழில் பயிலலாம். விக்டோரியாவில் 17 வயது வரை கல்வி கட்டாயம் என்பதையும் நினைவிற் கொள்க.

4. முதல் தடை: விசா நிலை

அவுஸ்திரேலியக் குடியுரிமை, நிரந்தர வதிவிட விசா, நியூசிலாந்துக் குடியுரிமை ஆகியவற்றுள் ஒன்றை உடையோர் ஃப்ரீ டேஃப் திட்டத்துக்குத் தகுதி பெறுவர். மாணவர் விசாவில் வந்தோருக்கு இச்சலுகை இல்லை.

பாதுகாப்பு விசாவுக்கு விண்ணப்பித்து முடிவுக்காகக் காத்திருப்போர் நம் சமூகத்தில் பலர் உள்ளனர். அவர்கள் தமக்குக் கதவு அடைக்கப்பட்டுவிட்டதாகக் கருத வேண்டாம். அடைக்கலம் கோருவோர் அரச மானியத்துடன் பயிற்சி பெறுவதற்கு விக்டோரியாவில் தனி ஏற்பாடு உண்டு. அதற்கு வழிகாட்டல் கடிதம் தேவைப்படலாம். 2001இல் தொடங்கப்பட்டு, ஃபுட்ஸ்கிரேயில் இயங்கிவரும் அடைக்கலம் கோருவோர் வள நிலையம் இவ்விடயத்தில் உதவும். ஆனால் சில இடைக்கால விசாக்களில் 'கல்வி கற்கக் கூடாது' என்ற நிபந்தனை விதிக்கப்பட்டிருக்கும். விசாக் கடிதத்தில் அந்நிபந்தனை உள்ளதா என்று பாராமல் எந்தப் படிவத்திலும் கையொப்பமிட வேண்டாம்.

வேறோர் அச்சமும் உண்டு. பெற்றோரின் விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயரும் சேர்ந்திருந்தால், 'வீட்டை விட்டு வெளியேறினால் என் விசா போய்விடுமா?' என்ற கவலையால் இளையோர் துன்பத்தைப் பொறுத்துக்கொண்டு இருந்துவிடுகின்றனர். இதற்கு ஒரே விடை கிடையாது. விசா வகையைப் பொறுத்து விடை மாறும். உறவினர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காது, விக்டோரியா சட்ட உதவி அமைப்பை 1300 792 387 என்ற எண்ணில் அழைத்து இலவச ஆலோசனை பெறுங்கள்.

5. இரண்டாம் தடை: பெயர்

தொழிற்கல்விக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் தனித்துவ மாணவர் அடையாள எண் தேவை. அதை இணையத்தில் இலவசமாகப் பெறலாம். கடவுச்சீட்டு, மெடிகெயார் அட்டை, சாரதி உரிமம், பிறப்புச் சான்றிதழ் போன்ற ஆவணம் ஒன்றில் உள்ளவாறே பெயரை அங்கே பதிய வேண்டும். பல திருநர் இளையோர் பின்வாங்கும் இடம் இதுவே. தாம் விட்டு விலகிய பெயரை மீண்டும் எழுத வேண்டியிருப்பதும், வகுப்பறையில் அப்பெயர் உரக்க வாசிக்கப்படுமோ என்ற அச்சமும் அவர்களைத் தடுக்கின்றன.

சட்டப்பெயர் வேறு, வழங்குபெயர் வேறு என்பதை இங்கே பிரித்தறிய வேண்டும். அடையாள எண்ணுக்கும் சான்றிதழுக்கும் சட்டப்பெயர் வேண்டப்படும். வகுப்பு வரவுப்பட்டியல், மின்னஞ்சல் முகவரி, மாணவர் அட்டை ஆகியவற்றில் வழங்குபெயரைப் பயன்படுத்த முடியுமா என்று சேரும் நாளிலேயே மாணவர் நல ஆலோசகரிடம் கேளுங்கள். முதல் வகுப்பு தொடங்குவதற்கு முன் ஆசிரியருக்கு அறிவிக்குமாறு அவரையே வேண்டிக்கொள்ளலாம். இதனால் வகுப்பறையில் எல்லோர் முன்னிலையிலும் விளக்கம் சொல்லும் சுமை குறையும்.

சட்டப்பெயரையே மாற்ற விரும்புவோர், விக்டோரியாவின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவகத்தில் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் பிறந்தவராயின் விக்டோரியாவில் தொடர்ந்து 12 மாதங்கள் வசித்திருக்க வேண்டும். 2020 மே 1 முதல், பதிவேட்டில் உள்ள பாலினத்தை மாற்றுவதற்கு அறுவைச் சிகிச்சை தேவையில்லை. 18 வயது நிரம்பியவர் தாமே விண்ணப்பிக்கலாம். தம்மைக் குறைந்தது 12 மாதங்களாக அறிந்த வயதுவந்த ஒருவரின் ஆதரவுக் கூற்றை இணைக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பிறந்தவரின் பிறப்புச் சான்றிதழை இம்மாநிலம் திருத்த இயலாது. ஆயினும், இங்கு 12 மாதங்கள் வசித்த அத்தகையோர் தம் பெயரையும் பாலினத்தையும் அங்கீகரிக்கும் தனி ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வழியுண்டு.

பராமரிப்பு, மழலையர் கல்வி ஆகிய துறைகளில் பணியிடப் பயிற்சிக்கு முன் பொலிஸ் சான்றும் சிறாருடன் பணிபுரிவதற்கான அனுமதியும் கோரப்படும். இவ்விண்ணப்பங்களில் முன்னைய பெயர்கள் அனைத்தையும் குறிப்பிட வேண்டும். மறைத்தால் விண்ணப்பம் பிழையாகிவிடும். முழு விவரத்தையும் எழுதுங்கள். அதேவேளை, அவ்விவரத்தை வேறெவரிடமும் வெளியிடக் கூடாது என்று கல்வி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. மூன்றாம் தடை: தங்குமிடமும் வாழ்க்கைச் செலவும்

இரவில் எங்கு உறங்குவது என்று தெரியாதவர் காலை எட்டு மணி வகுப்புக்குத் தொடர்ந்து செல்ல இயலாது. ஆகவே இலவசப் பயிற்சியைப் பற்றிப் பேசும்போது தங்குமிடத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

படிப்பையும் உறைவிடத்தையும் ஒன்றாக இணைக்கும் ஏற்பாடு ஒன்று விக்டோரியாவில் உண்டு. 'யூத் ஃபோயர்' என்று அதனை அழைப்பர். டேஃப் வளாகத்தை ஒட்டியே கட்டப்பட்ட இவ்விடுதிகளில், வீடின்றித் தவிக்கும் அல்லது அந்நிலையை நெருங்கியுள்ள 16 முதல் 24 வயது வரையான இளையோர் தங்கிப் படிக்கலாம். கிளென் வேவர்லி, புரோட்மெடோஸ், ஷெப்பார்ட்டன் ஆகிய இடங்களில் இவை அமைந்துள்ளன; ஒவ்வொன்றிலும் 40 பேர் தங்கலாம். இரண்டு ஆண்டுகள் வரை இருக்கலாம். படிப்பைத் தொடர்வதும் சிறு வாடகை செலுத்துவதும் இங்கு தங்குவோரின் கடமைகள். இடங்கள் குறைவாகையால் முன்கூட்டியே விண்ணப்பிப்பது நன்று.

இன்றிரவே தங்க இடமில்லை என்ற நிலை ஏற்பட்டால், 1800 825 955 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். மெல்பேர்ண் நகர மையத்தில் 12 முதல் 24 வயது வரையானோருக்கு உதவும் 'ஃபிரண்ட்யார்ட்' இளையோர் சேவையும் உள்ளது. வீட்டில் வன்முறை நிகழ்ந்தால் 1800 015 188 என்ற எண்ணில் 'சேஃப் ஸ்டெப்ஸ்' அமைப்பை அழையுங்கள். உயிருக்கு ஆபத்து எனில் 000.

வாழ்க்கைச் செலவுக்கு, முழுநேரம் பயிலும் 18 முதல் 24 வயது வரையானோர் சென்டர்லிங்கின் இளையோர் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம். 22 வயதுக்குக் குறைந்தவராயின் வழக்கமாகப் பெற்றோரின் வருமானம் கணக்கில் எடுக்கப்படும். ஆனால் வன்முறை, கடும் குடும்ப முறிவு போன்ற காரணங்களால் வீட்டில் வாழ்வது நியாயமற்றது என நிறுவப்பட்டால், அவர் தனித்து வாழ்பவராகக் கருதப்படலாம்; 16, 17 வயதினரும் இவ்வகையில் விண்ணப்பிக்க இயலும். பெற்றோருடன் அலுவலர் தொடர்புகொள்வது ஆபத்தை விளைவிக்கும் என்றால், அதனை முதல் உரையாடலிலேயே அங்குள்ள சமூகப் பணியாளரிடம் கூறிவிடுங்கள். புதிதாக வந்த நிரந்தர வதிவாளர் பலருக்கு நான்கு ஆண்டுக் காத்திருப்புக் காலம் உண்டு. அகதி, மனிதாபிமான விசா பெற்றோருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. 131 202 என்ற எண்ணில் தமிழிலேயே விசாரிக்கலாம்.

ஒரு சிறு எச்சரிக்கை: கடிதங்கள் பெற்றோர் வீட்டு முகவரிக்குச் செல்லும் என்பதை மறந்துவிடுவோர் உண்டு. குடும்பத்தினர் அறியாத புதிய மின்னஞ்சல் முகவரியையும் பாதுகாப்பான தபால் முகவரியையும் முதலில் ஏற்படுத்திக்கொண்டு, பின்னர் விண்ணப்பங்களைத் தொடங்குங்கள்.

7. சட்டம் தரும் பாதுகாப்பு

விக்டோரியாவின் 2010ஆம் ஆண்டுச் சமவாய்ப்புச் சட்டம், பால்நிலை அடையாளத்தையோ பாலீர்ப்பையோ காரணம் காட்டிக் கல்வியிலும் வேலையிலும் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. நாடாளுமன்றம் 2013இல் செய்த திருத்தத்தின் மூலம் நாடு தழுவிய சட்டத்திலும் இப்பாதுகாப்பு இடம்பெற்றது. பயிற்சி நிறுவனத்திலோ பணியிடத்திலோ பாகுபாடு நேர்ந்தால், விக்டோரியாவின் சமவாய்ப்பு மற்றும் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் இலவசமாக முறையிடலாம். எண் 1300 292 153.

மற்றொரு சட்டத்தைப் பெற்றோர் அவசியம் அறிந்திருக்க வேண்டும். ஒருவருடைய பால்நிலை அடையாளத்தையோ பாலீர்ப்பையோ மாற்றவோ அடக்கவோ முயலும் செயல்கள் 2022 பெப்ரவரி 17 முதல் விக்டோரியாவில் தடை செய்யப்பட்டுள்ளன. சிகிச்சை, ஆலோசனை, வழிபாடு, சடங்கு ஆகியவற்றுள் எதன் பெயரால் செய்தாலும் இத்தடை பொருந்தும். அந்நோக்கத்துடன் ஒருவரை மாநிலத்துக்கு வெளியே கொண்டு சென்று, அதனால் அவருக்குத் தீங்கு விளைந்தால், அதுவும் குற்றமாகும். 'ஊருக்குக் கூட்டிச் சென்றால் சரியாகிவிடும்' என்று எண்ணுவோர் இதைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

இலங்கையில் குடியேற்றக் காலத் தண்டனைச் சட்டக்கோவையின் பிரிவுகள் தன்பாலீர்ப்பாளரைக் குற்றவாளிகளாக நோக்கின. அச்சூழலில் வளர்ந்த பெற்றோரின் அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. இங்கு சட்டம் பிள்ளையின் பக்கம் நிற்கிறது என்பதை அறிவது, அவ்வச்சத்தைச் சற்றேனும் தணிக்கும்.

8. பெற்றோருக்கும் உறவினருக்கும்

'நாலு பேர் என்ன சொல்வார்கள்?' என்ற கேள்வி நம் வீடுகளில் எழாமல் இராது. அக்கேள்வியை எழுப்பும் பெற்றோரைக் கடிவதற்காக இதை எழுதவில்லை. போரிலும் புலப்பெயர்விலும் பலவற்றை இழந்து, பிள்ளைகளின் எதிர்காலத்துக்காகவே இரவுபகலாக உழைத்தவர்கள் அவர்கள். எதிர்பார்த்த எதிர்காலம் வேறு வடிவில் வந்து நிற்கும்போது, மனம் தளர்வது இயல்பு.

ஆயினும் இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்குமாறு வேண்டுகிறோம். பிள்ளையின் அடையாளத்தை முழுமையாக விளங்கிக்கொள்ள உங்களுக்குக் காலம் தேவைப்படலாம், மாதங்களாகலாம், ஆண்டுகளாகலாம். ஆனால் பிள்ளையின் அறையும் உணவும் பயிற்சிக்கான போக்குவரத்தும் அதுவரை காத்திருக்க முடியாதவை. மனம் ஏற்காதபோதும் வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருப்பது பெற்றோரால் இயலும். அரசு கற்பித்தற் கட்டணத்தை ஏற்கிறது. ஓர் இளையவர் இரண்டு ஆண்டுப் பயிற்சியை இடையில் விடாமல் முடிப்பதற்கு வேண்டிய நிலையான வீட்டைக் குடும்பமே மிக எளிதாகத் தர முடியும்.

பெற்றோர் செய்யக்கூடியவை சில: பயிற்சி நாட்களில் வீட்டில் வாக்குவாதத்தைத் தவிர்த்தல், பிள்ளையின் அனுமதியின்றி உறவினரிடமோ கோயிலிலோ அவரைப் பற்றிப் பேசாதிருத்தல், பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஆகியவற்றைத் தடுத்து வைக்காது கொடுத்துவிடுதல். இறுதியாகச் சொன்னது சிறிதெனத் தோன்றலாம். ஆனால் அந்த ஆவணங்கள் இல்லாமையால் சேர்க்கை நாள் தவறினால், அடுத்த தவணை வரை ஆறு மாதங்கள் வீணாகக்கூடும்.

பெற்றோருடன் பேச முடியாத நிலையில் ஒரு மாமியோ சித்தப்பாவோ நடுவில் நின்று உதவலாம். பிள்ளையைச் சில மாதங்கள் தம் வீட்டில் வைத்திருக்கும் ஓர் உறவினர், அக்குடும்பம் முற்றாக உடைவதைத் தடுக்கிறார்.

9. உரைபெயர்ப்பாளர் குறித்து

ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவையை அழைக்கலாம். நம் சமூகம் சிறியது. உரைபெயர்ப்பாளர் தம் குடும்பத்தை அறிந்தவராக இருப்பாரோ என்ற அச்சம் இயல்பானது. நேரில் வருபவருக்குப் பதிலாகத் தொலைபேசி உரைபெயர்ப்பாளரையே கேளுங்கள். வேறு மாநிலத்தவர் வேண்டும் என்றும், ஆண் அல்லது பெண் வேண்டும் என்றும் கோரலாம். உங்கள் பெயரை உரைபெயர்ப்பாளரிடம் தெரிவிக்க வேண்டாம் என்று அலுவலரிடம் சொல்லலாம். உரைபெயர்ப்பாளர் இரகசியம் காக்கத் தொழில்நெறியால் கட்டுப்பட்டவர். வீட்டாரையோ நண்பரையோ உரைபெயர்க்க அழைப்பதைத் தவிர்ப்பது நன்று.

10. முதல் இரண்டு வாரங்களுக்கான ஒழுங்கு

முதலாவதாக, பாதுகாப்பான தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் ஏற்படுத்துங்கள். இரண்டாவதாக, அடையாள ஆவணங்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக, விசா நிபந்தனையைச் சரிபாருங்கள். நான்காவதாக, அருகிலுள்ள ஸ்கில்ஸ் அண்ட் ஜொப்ஸ் நிலையத்தில் ஆலோசகரைச் சந்தியுங்கள். ஐந்தாவதாக, கற்கையைத் தெரிவு செய்து, மொத்தச் செலவையும் பணியிடப் பயிற்சி மணித்தியாலங்களையும் எழுத்தில் பெறுங்கள். ஆறாவதாக, மாணவர் நல ஆலோசகரிடம் வழங்குபெயரைத் தெரிவியுங்கள். ஏழாவதாக, சென்டர்லிங்க் விண்ணப்பத்தை அனுப்புங்கள்.

இடையில் மனம் சோர்ந்தால், பால்புதுமையினருக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் உதவும் இரு சேவைகளை அழைக்கலாம்: விக்டோரியாவின் 'ரெயின்போ டோர்' 1800 729 367; நாடு தழுவிய 'கியூலைஃப்' 1800 184 527. பெற்றோரும் இவ்வெண்களை அழைத்துப் பேசலாம். எந்நேரமும் உளநெருக்கடியில் பேசுவதற்கு 'லைஃப்லைன்' 13 11 14.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. ஃப்ரீ டேஃப் திட்டத்தில் எவை இலவசம்? எவற்றுக்குச் செலவு ஏற்படலாம்?

2. சட்டப்பெயர், வழங்குபெயர் ஆகிய இரண்டும் எங்கெங்கே பயன்படும்? பொலிஸ் சான்று விண்ணப்பத்தில் முன்னைய பெயரை ஏன் மறைக்கக் கூடாது?

3. 19 வயதான ஒரு திருநங்கை, பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறி நண்பர் வீட்டில் தங்கியுள்ளார். அவர் பராமரிப்புத் துறையில் பயில விரும்புகிறார். இவ்வாரம் அவர் செய்ய வேண்டிய மூன்று செயல்கள் எவை?

4. அவருடைய மாமியாக நீங்கள் இருந்தால், எதை முதலில் செய்வீர்கள்?

நான்காவது வினாவுக்கு அச்சிட்ட விடை இல்லை. குடும்பத்தோடு அமர்ந்து அதைப் பேசிப் பாருங்கள். உங்கள் வீட்டில் அத்தகைய பிள்ளை இல்லை என்று நீங்கள் எண்ணினாலும் பேசுங்கள். அறைக்குள் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, உங்கள் விடை மிகவும் தேவைப்படக்கூடும்.